உரிமமும் உடைமையும்

வெளி மாநிலங்களில் தொழில் நடத்திப் பிழைக்கும் நம்மவர்க்கு 'லைசென்ஸ்' என்னும் சொல் புதிதன்று. மும்பை மாதுங்காவிலும் டில்லி கரோல்பாகிலும் உணவு விடுதி வைத்திருப்பவர், வாடகைக் கார் ஓட்டுபவர், மருந்துக் கடை நடத்துபவர், மருத்துவர், வழக்கறிஞர் ஆகிய அனைவரும் ஏதேனும் ஓர் அலுவலகம் வழங்கிய ஒரு தாளை நம்பியே நாள்தோறும் தத்தம் வேலையைத் தொடங்குகின்றனர். உரிமம், அனுமதிச் சீட்டு, பதிவுச் சான்று என்று அதற்குப் பெயர் பல. பொருள் ஒன்றே: 'இத்தொழிலை நீ செய்யலாம்' என்று அரசாங்கம் தரும் சம்மதம்.

நிலத்தையும் வீட்டையும் நகையையும் உடைமை என்கிறோம். இத்தாளை உடைமை என்று எவரும் சொல்லுவதில்லை. ஆயினும் நகையை இழந்த குடும்பம் நாளையும் சோறு உண்ணக்கூடும். உரிமத்தை இழந்த குடும்பத்தின் அடுப்பு நாளையே அணையக்கூடும். அவ்வாறாயின் அத்தாள் யாருடையது? கொடுத்த கை நினைத்தபோது திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடிய சலுகையா, அன்றிப் பெற்றவனுக்குச் சட்டம் காத்துத் தரவேண்டிய சொத்தா? இக்கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நீதிமன்றங்களில் வாதாடி, படிப்படியாக விடை கண்ட நாடு அமெரிக்கா. அவ்வரலாற்றை நாம் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

இவ்வரலாற்றின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1215-ல் பிரபுக்களின் நெருக்குதலுக்கு இணங்கி ஜான் மன்னன் ஒப்புக்கொண்ட மாக்னா கார்ட்டா என்னும் சாசனம், நாட்டின் சட்டத்தாலன்றிச் சுதந்திர மனிதன் எவனையும் சிறைப்படுத்தவோ அவனது உடைமையைப் பறிக்கவோ கூடாது என்று வரையறுத்தது. 1354-ல் மூன்றாம் எட்வர்டு மன்னன் காலத்துச் சட்டமொன்றில், 'சட்டத்தின் உரிய முறை' என்னும் தொடர் இடம் பெற்றது. கடல் கடந்து குடியேறியவர்கள் அத்தொடரையும் தம்முடன் கொண்டு சென்றனர். 1791-ல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஐந்தாவது திருத்தம், உரிய முறையின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் மத்திய அரசாங்கம் பறிக்கலாகாது என்றது. உள்நாட்டுப் போருக்குப் பின்னர், 1868-ல் வந்த பதினான்காவது திருத்தம் இதே கட்டளையை அந்நாட்டின் ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதித்தது.

உயிர், சுதந்திரம், உடைமை என்னும் மூன்று சொற்களே அக்காப்பின் எல்லை. ஒருவன் இழந்த பொருள் இம்மூன்றில் ஒன்றினுள் அடங்கினால்தான், 'உரிய முறையில் விசாரித்தீர்களா?' என்று அவன் அரசாங்கத்தைக் கேட்க முடியும். அக்காலத்து நீதிபதிகளுக்கு உடைமை என்றால் நிலமும் வீடும் கால்நடையும் சரக்குமே கண்முன் தோன்றின. பிழைக்கும் தொழிலும் இவற்றோடு சேருமா என்பது நெடுங்காலம் ஐயமாகவே இருந்தது.

முதன்முதலில் அவ்வையத்தை எழுப்பியவர்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து இறைச்சி வியாபாரிகள். 1869-ல் லூயிசியானா மாநிலம் ஒரே ஒரு கம்பெனிக்கு இருபத்தைந்து ஆண்டுக்காலம் அந்நகரின் ஆடுமாடு வெட்டும் தனி உரிமையை அளித்தது. தம் தொழிலைத் தாம் விரும்பும் இடத்தில் செய்யும் உரிமை பறிபோயிற்று என்று வியாபாரிகள் வழக்காடினர். 1873-ல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவர்களுடைய வாதத்தைத் தள்ளிவிட்டது. வியாபாரிகள் தோற்றார்கள், ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி தோற்கவில்லை.

பதின்மூன்று ஆண்டுகள் சென்றபின் அக்கேள்வி வேறொரு மனிதனின் வாய்வழியே எழுந்தது. அவன் சீனாவிலிருந்து 1861-ல் கலிபோர்னியாவுக்கு வந்தவன். சான் பிரான்சிஸ்கோவில் ஒரே இடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் சலவைக் கடை நடத்தியவன். நீதிமன்ற ஏடுகளில் அவன் பெயர் யிக் வோ. அது அவனது கடையின் பெயரே என்றும், உண்மைப் பெயர் லீ யிக் என்றும் கூறுவர்.

1880-ல் அந்நகரத்தின் மேற்பார்வையாளர் சபை ஒரு விதி செய்தது. செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டிய கட்டிடமாயிருந்தாலன்றி, சபையின் சம்மதம் பெறாமல் எவரும் சலவைக் கடை வைக்கக்கூடாது என்பதே அவ்விதி. தீ விபத்தைத் தடுப்பது நோக்கம் என்று சொல்லப்பட்டது. விதியின் வாசகத்தில் சீனர் என்ற சொல்லே கிடையாது. ஆயின் அந்நகரில் அப்போது இருந்த சுமார் 320 சலவைக் கடைகளில் ஏறத்தாழ 310 மரக் கட்டிடங்களில் நடந்தன. 240-க்குச் சீனர்கள் உரிமையாளர்கள். இருநூறு சீனர்கள் சம்மதம் வேண்டி விண்ணப்பித்தனர்; ஒருவருக்கேனும் கிடைக்கவில்லை. சீனரல்லாதார் எண்பது பேர் அதே நிலையில் விண்ணப்பித்தனர். ஒருவர் தவிர அனைவருக்கும் கிடைத்தது.

யிக் வோவின் கடை பாதுகாப்பானது என்று தீயணைப்பு அதிகாரிகள் 1884-ல் சான்று தந்திருந்தனர். சுகாதார அதிகாரி 1885-ல் சான்று தந்திருந்தார். இருந்தும் சம்மதம் மறுக்கப்பட்டது. சம்மதமின்றிக் கடை நடத்தியதற்காகப் பத்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கட்டத் தவறினால் பத்து நாள் சிறை. யிக் வோ சிறை சென்றான்; அங்கிருந்தே வழக்குத் தொடுத்தான்.

அவன் அந்நாட்டுக் குடிமகன் அல்லன். சீனர்கள் குடியுரிமை பெறவே வழியில்லாத காலம் அது. புதிதாகச் சீனத் தொழிலாளர் வருவதையே 1882-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. வாக்குரிமையும் இல்லை, அவனுக்காகப் பேசச் சபையில் உறுப்பினரும் இல்லை. எனினும் 1886 மே 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவன் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டான்லி மாத்யூஸ். பதினான்காவது திருத்தம் குடிமக்களை மட்டுமன்றி, அந்நாட்டின் எல்லைக்குள் இருக்கும் மனிதர் எவரையும் காக்கும் என்று அவர் முதலில் நிறுவினார். சபைக்கு அளிக்கப்பட்டது ஆராய்ந்து முடிவு செய்யும் பொறுப்பன்று, காரணம் காட்டாமல் கொடுக்கவும் மறுக்கவும் வல்ல வெறும் அதிகாரமே என்றார். ஒரு மனிதனின் உயிரோ, அவன் பிழைக்கும் வழியோ, மற்றொரு மனிதனின் விருப்பத்தை மட்டுமே நம்பி நிற்பது சுதந்திர நாட்டில் சகிக்கத்தக்கதன்று என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி.

அத்தீர்ப்பு நேராக ஊன்றி நின்றது சமத்துவம் என்னும் தூணின் மேல். உடைமை என்னும் தூணின் மேல் அன்று. சீனர்க்கு ஒரு நீதி, மற்றவர்க்கு ஒரு நீதி என்பதே அங்கே முதன்மையான குற்றம். இருப்பினும் பிழைக்கும் வழியை உயிரோடு சேர்த்து எண்ணிய எண்ணம் பின்னால் வந்தவர்களுக்கு வழிகாட்டியது.

மூன்றாண்டு கழித்து ஒரு மருத்துவரின் வழக்கு வந்தது. மேற்கு வர்ஜினியா மாநிலம், அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் பட்டமோ, பத்தாண்டு அனுபவமோ, தேர்வில் வெற்றியோ இல்லாதவர் வைத்தியம் செய்யலாகாது என்று 1882-ல் சட்டம் செய்தது. டென்ட் என்னும் மருத்துவர் 1876 முதல் வைத்தியம் செய்து வந்தவர். அவர் காட்டிய பட்டத்தை மாநில சுகாதாரக் குழு ஏற்கவில்லை. ஐம்பது டாலர் அபராதம் விதிக்கப்பட்ட அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றும் 1889-ல் தோற்றார். மக்களின் உடல்நலத்தைக் காக்க மாநிலம் இத்தகைய தகுதிகளை விதிக்கலாம் என்றது நீதிமன்றம். ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்டு வேறொன்றையும் எழுதி வைத்தார். ஒருவன் கற்றுத் தேர்ந்த தொழிலைத் தொடர்ந்து செய்யும் உரிமை மதிப்பு மிக்கது. அவனுடைய நிலத்தையும் பொருளையும் எப்படி மனம்போனபடி பறிக்கலாகாதோ அப்படியே இதையும் பறிக்கலாகாது என்பதே அது. டென்டுக்குப் பயன்படாத அவ்வாக்கியம் அவருக்குப் பின் எத்தனையோ பேருக்குப் பயன்பட்டது.

விதை ஊன்றப்பட்டதே தவிர உடனே முளைக்கவில்லை. அடுத்த எழுபது ஆண்டுகள் நீதிமன்றங்களில் ஓங்கி ஒலித்தது வேறொரு கொள்கை. உரிமை வேறு, சலுகை வேறு. அரசாங்கம் தானாக மனமுவந்து தருவது சலுகை. சலுகையைத் தருபவன் நிபந்தனை போடலாம், மறுக்கலாம், பறிக்கலாம். கேட்பதற்குப் பெற்றவனுக்கு நியாயமில்லை என்பதே அக்கொள்கை. 1890-ல் சான் பிரான்சிஸ்கோ நகரத்து மதுக்கடை வழக்கொன்றில், சில்லறையாக மது விற்கும் பிறவி உரிமை எவருக்கும் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். 1892-ல் மாசசூசெட்ஸ் மாநில நீதிபதியாயிருந்த ஆலிவர் வென்டல் ஹோம்ஸ், பதவி நீக்கப்பட்ட போலீஸ்காரர் ஒருவரின் வழக்கில், அரசியல் பேசும் உரிமை அவருக்கு இருக்கலாம், போலீஸ்காரராக இருக்கும் உரிமை இல்லை என்னும் கருத்தை அழகாகச் சொன்னார். சொல் அழகாயிருந்தமையால் அது பல பத்தாண்டுகள் மேற்கோளாக வாழ்ந்தது.

இடையே சிற்சில விலக்குகளும் உண்டு. 1926-ல், வரி மேல்முறையீட்டு வாரியத்தின் முன் தொழில் செய்ய விண்ணப்பித்த கணக்கர் ஒருவரை, குற்றச்சாட்டை அறிவித்து அவர் வாயால் விளக்கம் கேளாமல் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் சலுகைக் கொள்கையின் கடுமை எத்தகையது என்பதை 1954-ஆம் ஆண்டு வழக்கொன்று தெளிவாகக் காட்டுகிறது. நியூயார்க் நகர அறுவை மருத்துவரான எட்வர்டு பார்ஸ்கி, ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தவர். பின்னர் ஓர் அகதிகள் உதவிச் சங்கத்தின் தலைவராயிருந்தபோது, சங்கத்தின் ஏடுகளை அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுவிடம் ஒப்படைக்க மறுத்ததற்காகத் தண்டனை பெற்றார். அத்தண்டனையையே காரணமாகக் கொண்டு அவருடைய மருத்துவ உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்தனர். அவருடைய மருத்துவத்தில் குறை சொன்னவர் எவருமில்லை. இருந்தும் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மையோர் அதனை ஏற்றனர். மூன்று நீதிபதிகள் மாறுபட்டனர். கத்தி பிடிக்கும் திறமைக்கும் இக்குற்றத்துக்கும் என்ன தொடர்பு என்பது அவர்கள் எழுப்பிய கேள்வியின் சாரம்.

1964-ஆம் ஆண்டில் காற்று திசை மாறத் தொடங்கியது. அவ்வாண்டில் யேல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் சார்லஸ் ரைக், 'புதிய உடைமை' என்னும் பொருளில் ஒரு கட்டுரை வெளியிட்டார். முற்காலத்தில் மனிதனின் செல்வம் நிலத்திலும் தங்கத்திலும் இருந்தது. இக்காலத்தில் அது அரசாங்கம் வழங்கும் உரிமங்களிலும், ஒப்பந்தங்களிலும், ஓய்வூதியத்திலும், உதவித்தொகையிலும் இருக்கிறது. பழைய உடைமை மனிதனை அரசாங்கத்தின் கையிலிருந்து காத்தது. புதிய உடைமையை அரசாங்கத்தின் தயவு என்று விட்டுவிட்டால் மனிதன் என்றும் அதன் முன் கைகட்டி நிற்கவேண்டியதே. ஆகவே புதிய உடைமைக்கும் பழைய உடைமைக்குரிய காப்புத் தேவை என்பது அவருடைய வாதம்.

அதே 1964-ல் அட்லாண்டா நகரத்தில் ஒரு பெண்மணி மதுக்கடை உரிமம் கேட்டு, விதித்த தகுதிகளெல்லாம் இருந்தும், காரணம் கூறாமல் மறுக்கப்பட்டதாக வழக்காடினார். வட்டாரத்து நகரசபை உறுப்பினரின் விருப்பமே உரிமத்தைத் தீர்மானிக்கிறது என்பது அவரது புகார். அது உண்மையாயின் சட்டத்தின் உரிய முறை மீறப்பட்டதாகும்; உரிமம் வழங்குவதற்கு எவரும் அறிந்துகொள்ளத்தக்க அளவுகோல்கள் இருக்கவேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். மதுக்கடைக்கே இக்காப்பு உண்டென்றால் மற்றத் தொழில்களைச் சொல்லவேண்டுமா?

1970-ல் நியூயார்க் நகரத்து ஏழைகளின் உதவித்தொகை வழக்கில், அத்தொகையை நிறுத்துவதற்கு முன்பே பெறுபவரை விசாரிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பில் ரைக்கின் கட்டுரையும் சுட்டப்பெற்றது. மறு ஆண்டு, உரிமம் பற்றியே நேரான தீர்ப்பு வந்தது.

ஜார்ஜியா மாநிலத்துப் பாதிரியார் ஒருவர் மூன்று கிராமச் சபைகளுக்குக் காரில் சென்று ஊழியம் செய்து வந்தார். 1968 நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சைக்கிளில் வந்த ஐந்து வயதுச் சிறுமி அவருடைய காரின் பக்கத்தில் மோதிக் காயமுற்றாள். காரை இன்ஷூர் செய்யாதவர் விபத்தில் சிக்கினால், ஈடாகப் பணம் கட்டவேண்டும். இல்லையேல் ஓட்டுநர் உரிமம் நிறுத்தப்படும் என்பது மாநிலச் சட்டம். பெற்றோர் கேட்ட தொகை ஐயாயிரம் டாலர். தவறு தம்முடையதன்று என்று பாதிரியார் சொல்ல வந்ததை அதிகாரிகள் கேட்க மறுத்தனர். தவறு யாருடையது என்பது இங்கே பொருட்டன்று என்றனர். 1971-ல் உச்ச நீதிமன்றம் அவ்வாறு செய்தது செல்லாது என்றது. உரிமத்தை உரிமை என்று அழைத்தாலும் சலுகை என்று அழைத்தாலும், ஒருமுறை வழங்கப்பட்டபின் அது பிழைப்புக்கு இன்றியமையாததாகிவிடக்கூடும். அத்தகையதை உரிய முறையின்றிப் பறிக்கலாகாது என்று நீதிபதி வில்லியம் பிரென்னன் எழுதினார். எண்பது ஆண்டு வாழ்ந்த சலுகைக் கொள்கை உரிமத்தைப் பொறுத்தவரை அன்றோடு வலிமை இழந்தது.

ஆயின் எல்லா ஆசையும் உடைமையாகுமா? 1972-ல் இரண்டு ஆசிரியர்களின் வழக்குகளில் நீதிமன்றம் அதற்கு எல்லை வகுத்தது. 'கிடைக்கும்' என்று ஒருவன் தனக்குள் நம்பியிருப்பது உடைமையன்று. சட்டமோ விதியோ ஒப்பந்தமோ அளித்த நியாயமான உரித்தே உடைமை. ஆகையால் கையில் உரிமம் வைத்திருப்பவனுக்கும், புதிதாகக் கேட்டு வரிசையில் நிற்பவனுக்கும் வேறுபாடு உண்டு. முன்னவன் தக்க காரணமின்றி அதை இழக்கலாகாதென்று சட்டம் கூறுமாயின் அது அவனது உடைமை. பின்னவனது நிலை சட்டத்தின் சொற்களைப் பொறுத்தது. தகுதியுடைய அனைவருக்கும் கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் சொன்னால் அவனுக்கும் உரித்து உண்டு. அதிகாரி விரும்பினால் கொடுக்கலாம் என்று சொன்னால் அவனிடம் இருப்பது நம்பிக்கை மட்டுமே.

விசாரணை வேண்டும் என்றால் எத்தகைய விசாரணை? அடுத்து வந்த வழக்குகள் இதனை விளக்கின. அலபாமா மாநிலத்தில் கண் பரிசோதித்து மூக்குக் கண்ணாடிக்குச் சீட்டு எழுதித் தருவோரை ஒழுங்குபடுத்த ஒரு குழு இருந்தது. சொந்தமாகத் தொழில் நடத்துவோரே அதன் உறுப்பினர்கள். கம்பெனிகளில் சம்பளத்துக்கு வேலை பார்த்தோரின் உரிமங்களை நீக்க அக்குழு முற்பட்டது. மாநிலத்தில் அத்தொழில் செய்வோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அவ்வாறு வேலை பார்த்தவர்கள். அவர்கள் போய்விட்டால் அவர்களிடம் வந்த வாடிக்கைக்காரர்கள் யாரிடம் வருவார்கள்? தீர்ப்புச் சொல்பவருக்கே தீர்ப்பால் லாபம் வருமாயின் அது தீர்ப்பாகாது என்று 1973-ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

1976-ல் மூன்று பக்கங்களைச் சீர்தூக்கும் ஒரு தராசை நீதிமன்றம் வகுத்துத் தந்தது. இழப்பவனுக்கு அப்பொருள் எவ்வளவு முக்கியம்? இப்போதுள்ள முறையில் தவறு நேரக்கூடிய வாய்ப்பு எவ்வளவு, கூடுதல் விசாரணை அதை எவ்வளவு குறைக்கும்? அரசாங்கத்துக்கு உள்ள அவசரமும் செலவும் எவ்வளவு? இம்மூன்றையும் எடைபோட்டு, முறை இன்னதென்று முடிவு செய்யவேண்டும்.

அத்தராசின் பயனை 1979-ல் ஒரு குதிரைப் பயிற்சியாளர் கண்டார். நியூயார்க் மாநிலத்தில் மான்டிசெல்லோ மைதானத்துப் பந்தயத்தில் அவர் பழக்கிய குதிரை இரண்டாவதாக வந்தது. பின்னர் அதன் உடலில் தடை செய்யப்பட்ட மருந்து காணப்பட்டது. பதினைந்து நாள் அவரது உரிமம் நிறுத்தப்பட்டது. அவ்வுரிமம் அவருடைய உடைமையே என்றது உச்ச நீதிமன்றம். பந்தயத்தின் நேர்மையைக் காக்க உடனே நிறுத்தி வைத்தது தவறன்று. ஆனால் நிறுத்தியபின் விரைவாக விசாரிக்க வழி செய்யாதது தவறு என்றது. பதினைந்து நாள் தண்டனை முடிந்தபின் நடக்கும் விசாரணையால் யாருக்கு என்ன பயன்?

அவசரத்தின் பொருட்டு முதலில் செய்து பின்னர் விசாரிக்கும் முறை அதற்கு முன்பும் உண்டு. 1908-ல் சிகாகோவில் கெட்டுப்போன கோழி இறைச்சி 47 பீப்பாய் அளவு பற்றிய வழக்கில், மக்களின் உயிருக்கு ஊறு செய்யும் உணவை முதலில் அழிக்கலாம், உடையவன் பின்னர் வழக்காடிக்கொள்ளலாம் என்று கூறப்பட்டிருந்தது. ஆக, விசாரணையின் காலம் சூழ்நிலைக்கேற்ப மாறலாம், விசாரணையே இல்லாமற்போகலாகாது.

இங்கே ஒரு மயக்கம் நேரலாம். உரிமம் உடைமை என்றால் அதை ஒருபோதும் பறிக்க முடியாது என்பது பொருளா? அன்று. உரிய முறை என்பது 'கேளாமல் பறிக்காதே' என்னும் கட்டளையே. குற்றம் மெய்ப்பட்டால் உரிமம் போகும். போட்டியே வரக்கூடாது என்று கேட்கவும் அது இடம் தராது. சிகாகோ நகரில் வாடகைக் கார் உரிமங்கள் பெருவிலை பெற்றிருந்தன. கைப்பேசி வழியே கார் அழைக்கும் புதிய கம்பெனிகளை நகரம் அனுமதித்தபோது, தங்கள் உடைமையின் மதிப்பு போயிற்று, ஈடு தரவேண்டும் என்று பழைய உரிமையாளர்கள் வழக்காடினர். 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காப்பிக் கடைக்கு உரிமம் பெற்றவன், பக்கத்தில் தேநீர்க் கடை வைக்கக்கூடாது என்று தடுக்க முடியாது என்னும் பொருள்பட நீதிபதி ரிச்சர்டு போஸ்னர் எழுதினார். உரிமம் தொழில் செய்யும் உரிமையைத் தருகிறது. லாபத்துக்கு ஜாமீன் தருவதில்லை.

இவ்வரலாற்றுக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. நம் அரசியல் சட்டம் உருவானபோது அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகராயிருந்த பெனகல் நரசிங்க ராவ், 1947-ல் அமெரிக்கா சென்று அந்நாட்டு நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்பர்ட்டரைச் சந்தித்தார். உரிய முறை என்னும் தொடர் நீதிபதிகளுக்கு அளவிறந்த அதிகாரம் தருகிறது என்ற எச்சரிக்கை அங்கே அவருக்குக் கிடைத்தது. அதனால் நம் இருபத்தோராவது பிரிவில் அத்தொடருக்குப் பதிலாக, 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்னும் தொடர் இடம் பெற்றது. சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் சபையில் இம்மாற்றத்தை ஆதரித்துப் பேசினார்.

ஆனால் வணிகனுக்கு நம் அரசியல் சட்டம் வேறொரு வாயிலைத் திறந்து வைத்தது. எத்தொழிலையும் வியாபாரத்தையும் செய்யும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. அதற்குப் பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடுகளே விதிக்கலாம் என்கிறது பத்தொன்பதாவது பிரிவு. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950-லேயே, உத்தரப் பிரதேசத்துக் கைரானா நகரத்துக் காய்கறி மொத்த வியாபாரி ஒருவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவருக்கு உரிமம் கொடுக்க விதியிலேயே இடம் வைக்காமல், வியாபாரத்தை வேறொருவருக்குத் தனியுரிமையாக்கியது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 1952-ல் மேற்கு வங்காளத்துத் தனி நீதிமன்றங்களைப் பற்றிய வழக்கில் நம் நீதிபதிகள் சலவைக்காரன் யிக் வோவின் வழக்கை ஆராய்ந்தனர். 1954-ல் உத்தரப் பிரதேச நிலக்கரி வியாபாரிகளின் வழக்கில், உரிமத்தைக் கொடுக்கவும் மறுக்கவும் நீக்கவும் ஓர் அதிகாரியின் சொந்த எண்ணத்துக்கே முழுதும் விட்டுவிட்ட விதி நியாயமற்றதென்று தள்ளப்பட்டது.

1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், நடைமுறை என்பது ஏட்டில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது, நீதியும் நேர்மையும் உடையதாய் இருக்கவேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வாசலில் தடுக்கப்பட்ட உரிய முறை முப்பது ஆண்டு கழித்துச் சாளரத்தின் வழியே உள்ளே வந்தது எனலாம். அதே 1978-ல் நிறைவேறிய நாற்பத்து நான்காவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் வரிசையிலிருந்து நீக்கியது. ஆகவே அமெரிக்க வணிகன் உடைமை என்னும் குடையின் கீழ் ஒதுங்குகிறான். நம் நாட்டு வணிகன் தொழிலுரிமை, சமத்துவம், இயற்கை நீதி ஆகியவற்றின் நிழலில் ஒதுங்குகிறான். பாதை இரண்டாயினும் சேருமிடம் பெரும்பாலும் ஒன்றே.

தெருவோரத்தில் தட்டுக்கடை வைப்பவரையும் இந்நிழல் விடவில்லை. தெருவில் வியாபாரம் செய்வதும் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட தொழிலுரிமையே என்று 1989-ல் நம் உச்ச நீதிமன்றம் கூறியது. 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம், வியாபாரியின் சான்றை நீக்குவதற்கு முன்னர் அவர் சொல்வதைக் கேட்க வாய்ப்புத் தரவேண்டும் என்று தெளிவாக விதிக்கிறது.

ஊர் விட்டு ஊர் வந்து, வேற்று மொழியில் விண்ணப்பம் எழுதித் தொழில் நடத்தும் நாம் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது யாது? இந்தியாவின் எப்பகுதியிலும் குடியிருக்கவும் தொழில் செய்யவும் நமக்கு உரிமை உண்டு என்பதை நம் அரசியல் சட்டமே கூறுகிறது; யிக் வோவுக்கு அந்த நாளில் அதுவும் இல்லை. எனவே உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்து அறிந்து ஒழுகுவது நம் கடமை. புதுப்பிக்கும் நாளைத் தவறவிடாதிருப்பதும், ஆய்வுக்கு வந்தவர் தந்த சான்றுகளைப் பத்திரப்படுத்துவதும் நம் கடமை. சலவைக்காரனின் வழக்கில் அவனுக்குப் பேசிய சாட்சிகள் அத்தகைய இரண்டு தாள்களே. 'உன் உரிமம் நிறுத்தப்படுகிறது' என்ற ஓலை வந்தால், 'காரணம் என்ன? என் விளக்கத்தை எப்போது, யார் கேட்பார்கள்?' என்று எழுத்தில் பணிவோடு கேட்பது நம் உரிமை. அவ்வாறு கேட்பது அரசாங்கத்தை எதிர்ப்பதாகாது. அரசாங்கம் தானே வகுத்த முறையை அதற்கு நினைவூட்டுவதேயாகும். கேட்பார் இருந்தால்தான் காரணம் சொல்லும் பழக்கம் அலுவலகங்களில் வளரும். அப்பழக்கம் வளர்ந்த நாட்டில்தான் உழைப்பவன் நாளைய பொழுதை நம்பிக் கடையைப் பூட்டிவிட்டு நிம்மதியாக உறங்கச் செல்வான்.